ஊசி மெலிந்தது, பெட்டி சுமந்தது

ரிக்கார்டு பிளேயரோடு என் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "ஐயா, வால்யூமை முழுக்கத் திருகியும் பாட்டு எங்கேயோ தூரத்துல கேக்குது. கூடவே இஸ்ஸுன்னு ஒரு இரைச்சல்." இது ஒன்று. "சத்தத்துக்குக் குறைவில்லை ஐயா. நாகஸ்வரம் மேலே ஏறினா மட்டும் கரகரன்னு உடையுது." இது மற்றொன்று. பிரித்துப் பார்த்தால் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜும் நன்றாக இருக்கும், அது தரும் மின்னழுத்தத்தைப் பெருக்கும் பெட்டியான போனோ பிரீஆம்பும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே பொருத்தம்தான் இருக்காது. முதல் ஆளின் ஊசி தருவது 0.3 மில்லிவோல்ட், அவர் வாங்கிய பெட்டி அதை 100 மடங்குதான் பெருக்கும். இரண்டாம் ஆளின் ஊசி தருவது 4 மில்லிவோல்ட். அவர் பெட்டியின் சுவிட்சு 1000 மடங்கில் நிற்கிறது.

போனோ பிரீஆம்ப் ஒரே நாளில் வடிவம் பெற்றதில்லை. தட்டின் பள்ளத்தில் ஊசி மென்மையாக உட்காரப் பழகப் பழக, அது தரும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. குறைந்ததை ஈடுகட்டும் வேலை பெட்டியின் தலையில் விழுந்தது. தட்டு சுமந்த சுமையைப் பெட்டி வாங்கிக்கொண்ட வரலாறு இது. இதைத் தெரிந்துகொண்டவர்களை கெயின் கணக்கு, அதாவது எத்தனை மடங்கு பெருக்குவது என்ற கணக்கு, குழப்புவதில்லை. அதனால்தான் கடைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்கிறேன்.

மதுரையில் அப்பா சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். அவருடைய மேசையில்தான் சாலிடரிங் அயர்ன் பிடிக்கக் கற்றேன். அந்த மேசையில் நான் பார்த்ததையும், பிறகு சர்க்யூட் படங்களில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சாவி கொடுத்த காலம்

1877இல் எடிசன் உருளையில் சுற்றிய மெல்லிய தகரத்தாளில் குரலைப் பதித்தார். பத்தாண்டு கழித்து, 1887இல், எமில் பெர்லினர் தட்டை வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார். அடுத்த முப்பத்தெட்டு ஆண்டுகள் இசைத்தட்டில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பாடகர் புனலுக்குள் பாடினார். கேட்பவரும் புனலிலிருந்து கேட்டார். சாவி கொடுத்த ஸ்பிரிங் தட்டைச் சுற்றும்; பள்ளம் ஊசியை ஆட்டும்; ஊசி சவ்வை ஆட்டும்; சவ்வு புனலில் உள்ள காற்றை ஆட்டும். கூடத்தில் நிறையும் ஓசை முழுவதும் அந்தப் பள்ளம் ஊசியைத் தள்ளிய தள்ளலிலிருந்தே வர வேண்டும்.

அந்தத் தள்ளலைத் தாங்க, ஊசியும் சவ்வும் அடங்கிய சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கும் மேலான எடையோடு தட்டின்மேல் அழுத்தியது. அரக்குத் தட்டில் கல்மாவு கலந்திருந்தார்கள். அது எஃகு ஊசியின் முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். அதனால் ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்ற வேண்டும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி ஊசியை மாற்றுவதுதான். தடித்த ஊசி உரத்த ஓசைக்கு, மெல்லிய ஊசி மென்மையான ஓசைக்கு என்று தனித்தனி டப்பாக்களில் விற்றார்கள். கூடத்தின் அளவுக்கும் தட்டின் வயதுக்கும் ஏற்ற ஊசியை வீட்டுப் பெரியவர் தேர்ந்தெடுத்தார். பொருத்தம் பார்க்கும் வழக்கம் மின்சாரம் வருவதற்கு முன்பே இந்தத் தொழிலில் இருந்தது. அன்று அதற்கான விலையைக் கொடுத்தது தட்டு. ஒவ்வொரு முறை பாடும்போதும் அது கொஞ்சம் தேய்ந்தது.

1925இல் பெல் ஆய்வகத்தில் ஜோசப் மேக்ஸ்ஃபீல்டும் ஹென்றி ஹாரிசனும் உருவாக்கிய மின்சார ஒலிப்பதிவு முறையை விக்டரும் கொலம்பியாவும் ஏற்றுக்கொண்டன. புனலின் இடத்தில் மைக் வந்தது. கேட்கும் பக்கத்திலும் வால்வு ஆம்ப்ளிபையரும் மின்சாரப் பிக்கப்பும் வரத் தொடங்கின. ஓசையின் வலு இனி பள்ளத்திலிருந்து மட்டும் வர வேண்டியதில்லை, சுவரிலுள்ள பிளக்கிலிருந்தும் வரலாம் என்று ஆனது. தட்டின் சுமை குறையத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

உப்புக் கட்டியும் குழாய் ஸ்பீக்கரும்

1930களில் பரவிய கிரிஸ்டல் பிக்கப்பின் உள்ளே இருந்தது ரோஷல் உப்பு. பிரான்சின் லா ரோஷல் நகரின் பெயரைத் தாங்கிய படிகம் அது. வளைத்தால் மின்னழுத்தம் தரும். இந்தப் பண்பை 1880இலேயே கியூரி சகோதரர்கள் கண்டிருந்தார்கள். ஊசியின் ஆட்டம் படிகத்தை முறுக்கினால் ஒன்றிரண்டு வோல்ட் கிடைக்கும். வீட்டு ரேடியோவின் பின்புறத் துளையில் செருகினால் போதும், பாட்டு வந்துவிடும்.

ஆனால் அந்தப் படிகத்துக்கு நம் ஊர்த் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாது. ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி இளகும். 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தன்னுள் இருக்கும் நீரை இழந்து செத்தே போகும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைத்த பிக்கப் மாலையில் ஊமையாகியிருப்பதை மைக்செட் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள். 1940களில் கண்டறிந்த பேரியம் டைட்டனேட் போன்ற செராமிக் பொருள்கள் இந்தக் குறையைத் தீர்த்தன. செராமிக் காட்ரிட்ஜ் வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாது. கிரிஸ்டலைவிடக் கொஞ்சம் குறைவாக, அரை வோல்ட் அளவில் தரும். அது போதும்.

எங்கள் தொழில் முழுக்க அந்த அரை வோல்ட்டின் மேல்தான் நின்றது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் விடியுமுன் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு வைப்பார்கள். செராமிக் ஊசியிலிருந்து ஒரே ஷீல்டு வயர் நேராக ஆம்ப்ளிபையருக்குப் போகும். நடுவில் வேறு பெட்டி கிடையாது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செராமிக் காட்ரிட்ஜ் பள்ளத்தின் ஆட்டம் எவ்வளவு அகலம் என்பதற்கு ஏற்ப மின்னழுத்தம் தரும். காந்தக் காட்ரிட்ஜோ ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற்பத் தரும். பிற்காலத்து இசைத்தட்டுகள் பதிவான விதத்தில், செராமிக் ஊசிக்குத் தனியாகத் திருத்தம் எதுவும் செய்யாமலே ஏறக்குறையச் சரியான ஒலி கிடைத்துவிடும். அதற்கு வேண்டியது ஒன்றுதான்: அதை எதிர்கொள்ளும் ஆம்ப்ளிபையரின் உள்ளீட்டு மின்தடை 10 லட்சம் ஓம் அளவுக்கு இருக்க வேண்டும். குறைந்தால் தவில் காணாமல் போகும், நாகஸ்வரம் மட்டும் கீச்சென்று கேட்கும். அப்பா முதலில் சொல்லிக்கொடுத்த பொருத்தம் இதுதான்.

ஆனாலும் படிகத்தையோ செராமிக்கையோ முறுக்க வலு வேண்டும். அந்த வலுவைப் பள்ளம்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் ஐந்து முதல் பத்து கிராம் வரை அழுத்தம் தேவைப்பட்டது. திருவிழாவுக்குத் திருவிழா ஓடிய தட்டுகளின் பள்ளம் வெளுத்துப் போயிருக்கும். அத்தனை தாராளமான வோல்ட்டுக்கு விலை தட்டின் ஆயுள்.

பத்து மில்லிவோல்ட்

1948 ஜூனில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை அறிமுகம் செய்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, வினைல், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை. பள்ளம் மனித முடியின் தடிமன் அளவுக்கு மெலிந்தது. அதில் பழைய எடையை வைத்தால் வினைல் கிழியும். லேசான ஊசி கட்டாயமாயிற்று.

அதே காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வேரியபிள் ரிலக்டன்ஸ் காட்ரிட்ஜ் பரவலாகியிருந்தது. அதில் ஊசி எதையும் முறுக்குவதில்லை. காந்தப் புலத்துக்குள் ஒரு சிறு இரும்புத் துண்டை அசைக்கும், அவ்வளவுதான். அந்த அசைவில் பக்கத்திலுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். அதை வடிவமைத்த வில்லியம் பாக்மன் பிறகு கொலம்பியாவுக்குப் போய் எல்.பி. வேலையில் பங்கெடுத்தார். மெல்லிய ஊசியும் மெல்லிய பள்ளமும் ஒரே கைவழியாக வந்தவை என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் வோல்ட் எங்கே? கிரிஸ்டல் ஒரு வோல்ட் கொடுத்த இடத்தில் இது 10 மில்லிவோல்ட் கொடுத்தது, நூறில் ஒரு பங்கு. ரேடியோவின் பின்னால் செருகினால் முணுமுணுப்புதான் கேட்கும். ஜி.இ. நிறுவனமே ஒரு 6எஸ்.சி.7 வால்வு வைத்த சின்னப் பெட்டியைத் தயாரித்து, யு.பி.எக்ஸ்.003 என்ற எண்ணோடு காட்ரிட்ஜுக்குத் துணையாக விற்றது. ஊசிக்கென்று தனியாக வீடுகளுக்கு வந்த பெருக்கிகளில் அது முன்னோடி. ஊசியையும் பெட்டியையும் சேர்த்து வாங்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே வேர்விட்டது.

1954: எல்லாரும் ஒத்துக்கொண்ட கோடு

அந்தப் பெட்டி பெருக்கினால் மட்டும் போதாது. கனத்த ஓசைகளை உள்ளபடி பதித்தால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். அதனால் பதிவில் அவற்றைக் குறைத்தார்கள். மெல்லிய மேல் ஓசைகள் தட்டின் இரைச்சலில் அமுங்கிவிடும். அதனால் அவற்றைத் தூக்கிப் பதித்தார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருத்த வேண்டும். எவ்வளவு குறைத்தார்கள், எவ்வளவு தூக்கினார்கள் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. 1950களின் தொடக்கத்து ஆம்ப்ளிபையர்களில் கொலம்பியாவுக்கு ஒன்று, டெக்காவுக்கு ஒன்று, ஏ.இ.எஸ். என்ற ஒலிப் பொறியாளர் சங்கத்தின் அளவுக்கு ஒன்று என்று திருகு வைத்திருந்தது இதனால்தான்.

1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே கோட்டை வகுத்தது. மெல்ல மெல்ல உலகமே அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்து, 20 ஹெர்ட்ஸை 19 டெசிபெல்லுக்குச் சற்று மேல் ஏற்ற வேண்டும்; 20,000 ஹெர்ட்ஸைக் கிட்டத்தட்ட அதே அளவு இறக்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவே 90 மடங்கு வேறுபாடு.

பெட்டியின் மேல் 40 டெசிபெல் என்று அச்சிட்டிருந்தால் அது 1000 ஹெர்ட்ஸில் உள்ள கணக்கு, அதாவது 100 மடங்கு. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அதே பெட்டி அதைவிட ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கும். எர்த் வயர் கொஞ்சம் தளர்ந்தாலும் ஹம் உறுமுவதற்குக் காரணம் இந்தக் கோடுதான். கெயினைக் கூட்டினால் ஹம்மும் சேர்ந்தே கூடும். அதனால்தான் தேவைக்கு மேல் கெயின் வைக்க வேண்டாம் என்று நான் மன்றாடிச் சொல்கிறேன்.

ஸ்டீரியோவும் 47 கிலோ ஓமும்

ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இரண்டு ஒலிகளைப் பதிக்கலாம் என்று லண்டனில் ஆலன் பிளம்லைன் 1931இலேயே காப்புரிமைக்கு எழுதிவிட்டார். கடைக்கு ஸ்டீரியோ தட்டு வந்தது 1958இல். ஊசி இப்போது பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட வேண்டும். இரண்டு சுவர்களையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். கனமான எதுவும் அதன் முதுகில் ஏறக்கூடாது.

அதே ஆண்டு அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் எம்.3டி என்ற மூவிங் மேக்னட் காட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. ஊசித் தண்டின் மறுமுனையில் சிறு காந்தம் ஆடும். கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கும். 1964இல் அந்நிறுவனத்தின் வி.15 வரிசை தொடங்கியது. 1973இல் வந்த அதன் மூன்றாம் வகை ஏறக்குறைய ஒரு கிராம் அழுத்தத்தில் ஓடியது. வெளியீடு 3.5 மில்லிவோல்ட். சவுண்ட் பாக்ஸின் நூறு கிராமிலிருந்து ஒரு கிராமுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இந்தக் காலத்தில்தான் சில எண்கள் ஊர்ப்பொதுவாகின. காட்ரிட்ஜை எதிர்கொள்ளும் மின்தடை 47 கிலோ ஓம். வெளியீட்டை அளப்பது, பள்ளத்தின் ஆட்டம் விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் இருக்கும்போது. பெருக்கம் 40 டெசிபெல் அளவு. இந்த எண்களை நம்பி ஒரு நாட்டுக்காரர் ஊசி செய்தார், முகம் தெரியாத இன்னொரு நாட்டுக்காரர் பெட்டி செய்தார். இரண்டும் வீட்டில் சந்தித்தபோது பாட்டு சரியாக வந்தது. நான் இந்தத் தொழிலில் பெரிதாக மதிப்பது இந்த உடன்பாட்டை.

இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்தில் பீட்டர் வாக்கர் இன்னொரு வழி கண்டார். 1967இல் வந்த குவாட் 33 முன்பெருக்கியின் பின்னால் கையால் உருவிச் செருகும் ஒரு சின்னச் சர்க்யூட் பலகை உண்டு. அதைத் திருப்பிச் செருகினால் வேறு வகைக் காட்ரிட்ஜுக்குப் பொருந்தும். காந்த ஊசி வைத்திருப்பவரும் செராமிக் ஊசி வைத்திருப்பவரும் ஒரே பெட்டியை வாங்கலாம். வாங்குபவரின் ஊசியை மதித்துச் செய்த வேலைப்பாடு.

இங்கே பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸின் பி.சி.149 டிரான்சிஸ்டர் கையில் கிடைத்த பிறகு மெக்கானிக்குகள் தாமே காந்தக் காட்ரிட்ஜுக்குப் பிரீஆம்ப் கட்டத் தொடங்கினோம். இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டர் அது. இரண்டைப் போட்டு, ஆர்.ஐ.ஏ.ஏ. கோட்டுக்கான மின்தடைகளையும் கண்டென்சர்களையும் ஒவ்வொன்றாக அளந்து பொறுக்கிச் சேர்த்தால், எஸ். எஸ். வாசனும் ஏவி. மெய்யப்பனும் படமெடுத்த காலத்துப் பாட்டுகளில் கேளாத தம்புராவெல்லாம் கேட்கும்.

டென்மார்க்கும் ஜப்பானும்

இந்த உடன்பாட்டுக்குள் அடங்காத ஊசி ஒன்றும் அதே காலத்தில் வளர்ந்தது. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் 1918இல் தொடங்கியது. பேசும்படத்துக்கு ஒலி சேர்க்கும் ஆராய்ச்சியில் பிறந்து, தட்டு வெட்டும் கருவிகள் செய்ததில் பெயர் பெற்றது. அங்கே 1950களின் இறுதியில் ராபர்ட் குட்மன்சன் எஸ்.பி.யு. என்ற ஸ்டீரியோ காட்ரிட்ஜை வடிவமைத்தார். அதில் காந்தம் அசையாது. ஊசித் தண்டோடு கம்பிச் சுருள் ஆடும்; இந்த வகைக்கு மூவிங் காயில் என்று பெயர். ஆடும் சுருளில் அதிகச் சுற்று சுற்றினால் கனக்கும். அதனால் மிகச் சில சுற்றுகளே இருந்தன. சுருளின் மின்தடை 2 ஓம், வெளியீடு 0.2 மில்லிவோல்ட் அளவு.

ஜப்பானில் என்.எச்.கே. வானொலியின் ஆய்வகமும் டெனானும் சேர்ந்து, எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்காக 1960களின் முற்பாதியில் டி.எல்.103ஐ உருவாக்கின. வெளியீடு 0.3 மில்லிவோல்ட், சுருளின் மின்தடை 40 ஓம், அழுத்தம் 2.5 கிராம். ஒலிபரப்பு நிலையங்களின் கருவியாகப் பிறந்து வீடுகளுக்கு வந்த இந்த ஊசி இன்றைக்கும் தயாராகிறது.

எடையில் இவை ஷூரைவிட லேசானவை இல்லை. இவற்றின் சிறப்பு வேறு. சில சுற்றுகளே உள்ள சுருளின் மின்தூண்டல் மிகக் குறைவு. அதனால் வயரின் நீளமும் பெட்டியின் கண்டென்சரும் மேல் ஓசையைக் கெடுப்பதில்லை. வீணையில் மீட்டியபின் தேயும் நாதத்தை இவற்றில் கேட்டவர்கள் மறுபடி திரும்பி வருவதில்லை. அந்த நாதத்துக்கான விலை வோல்ட். மூவிங் மேக்னட் தந்ததில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். நூறு மடங்கு போதாது, ஆயிரம் மடங்கு வேண்டும்.

முதல் படி

"வால்யூமைக் கூட்டிக்கிட்டா ஆச்சு" என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான் பொய்க்கிறது.

1928இல் பெல் ஆய்வகத்தின் ஜான் ஜான்சன், எந்த மின்தடையும் தன் வெப்பத்தாலேயே இரைச்சல் எழுப்பும் என்று அளந்து காட்டினார். அங்கேயே ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். மின்சார ஒலிப்பதிவைப் பெற்ற அதே இடம், அதன் எல்லையையும் சொல்லிவிட்டது. அந்தக் கணக்கை டி.எல்.103க்குப் போட்டால், 40 ஓம் சுருள் நம் அறை வெப்பத்தில் எழுப்பும் இரைச்சல் ஒரு மைக்ரோவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஊசி தருவதோ 300 மைக்ரோவோல்ட். ஊசியளவில் பார்த்தால் இரைச்சலைவிட இசை 2,600 மடங்கு பெரியது. அருமையான நிலைமை.

இதை ஈ.சி.சி.83 வால்வில் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால், வால்வின் சொந்த இரைச்சல் கிட்டத்தட்ட ஒரு மைக்ரோவோல்ட். 2,600 மடங்கு சட்டென்று 300 மடங்காகச் சுருங்கிவிடும். இதே வால்வுக்கு 4 மில்லிவோல்ட் ஷூரைக் கொடுத்தால் 4,000 மடங்கு இடைவெளி இருக்கும். முதல் படியில் கலந்த இரைச்சலைப் பிறகு எத்தனை பெருக்கி வைத்தாலும் பிரிக்க முடியாது. கல்லோடு சேர்த்து அரிசியை அளந்தால் படிதான் கூடும், சோறு கூடாது.

ஆர்ட்டோஃபோனும் டெனானும் கண்ட தீர்வு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர். அதற்குக் கரண்டு வேண்டாம். தன் பங்குக்கு மிகக் குறைந்த இரைச்சலையே சேர்க்கும். சுற்றுக்கணக்கில் மின்னழுத்தத்தை உயர்த்திவிடும். ஒன்றுக்குப் பத்து சுற்று என்றால் 0.3 மில்லிவோல்ட் 3 மில்லிவோல்ட்டாகி, சாதாரண மூவிங் மேக்னட் பெட்டிக்குள் ஒழுங்காகப் போகும். எஸ்.பி.யு.வின் ஒரு வகையில் இந்த டிரான்ஸ்பார்மரைக் காட்ரிட்ஜின் தலைக்கூட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

டிரான்ஸ்பார்மர் வாங்குகிறவர்கள் மறக்கக்கூடாத கணக்கு ஒன்று உண்டு. மின்னழுத்தம் சுற்றுக்கணக்கில் உயரும். மின்தடையோ அதன் வர்க்கத்தில் குறையும். பத்து மடங்கு டிரான்ஸ்பார்மர் வழியாக ஊசி பார்க்கும் மின்தடை, 47,000ஐ 100ஆல் வகுத்தால் வரும் 470 ஓம். 40 ஓம் டி.எல்.103க்கு அது சுகமான பொருத்தம். 2 ஓம் எஸ்.பி.யு.வுக்கு இருபது மடங்கு வைக்கலாம்: 0.2 மில்லிவோல்ட் 4 ஆகும், மின்தடை 117 ஓம் ஆகும். அதே இருபது மடங்கை டி.எல்.103க்கு வைத்தால் சத்தம் கூடும். ஆனால் 40 ஓம் சுருளின் கழுத்தில் 117 ஓம் உட்காரும், தன் வெளியீட்டில் கால் பங்கைச் சுருளே விழுங்கும். சுற்றுக்கணக்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சுருளின் மின்தடையையும் பார்க்க வேண்டும்.

1970களில் ஜப்பானின் சூப்பெக்ஸ், ஃபிடெலிட்டி ரிசர்ச் ஊசிகள் அமெரிக்காவில் பேர் வாங்கியபோது இன்னொரு வழி பிறந்தது. மார்க் லெவின்சன் நிறுவனத்துக்காக ஜான் கர்ல் ஜே.சி.1 என்ற சின்னப் பெருக்கியை வடிவமைத்தார். பெயரிலுள்ள எழுத்துகள் அவருடைய முதலெழுத்துகள். பேட்டரியில் ஓடும் அந்தப் பெட்டியில் டிரான்சிஸ்டர்களே டிரான்ஸ்பார்மரின் வேலையைச் செய்தன. டைனவெக்டர் நேர்மாறாக யோசித்தது: மிக மெல்லிய கம்பியில் அதிகச் சுற்று சுற்றி, மூவிங் காயில் ஊசியையே சாதாரண பெட்டிக்குப் பொருந்தும்படி வெளியீட்டை உயர்த்தியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஜப்பானிய ஆம்ப்ளிபையர்களின் முகப்பிலேயே எம்.எம்., எம்.சி. என்று ஒரு சுவிட்சு வந்துவிட்டது.

மேலே விட வேண்டிய இடம்

இரைச்சலுக்கு அஞ்சி ஆயிரம் மடங்கை எல்லா ஊசிக்கும் வைத்துவிடலாமா? கூடாது. காட்ரிட்ஜின் தாளில் உள்ள எண் விநாடிக்கு 5 செ.மீ. வேகத்துக்கானது. தட்டில் தவிலின் அடியும் நாகஸ்வரத்தின் உச்சமும் வரும்போது அந்த வேகம் பத்து மடங்கு வரை தாவும். 4 மில்லிவோல்ட் ஊசி அந்தக் கணத்தில் 40 மில்லிவோல்ட் தரும். நூறு மடங்கு பெருக்கினால் 4 வோல்ட், பெட்டி தாங்கும். ஆயிரம் மடங்கு என்றால் 40 வோல்ட். எந்த வீட்டுப் பெட்டியின் மின்சப்ளையிலும் அது கிடையாது. அலையின் தலை சீவப்படும். அதுதான் இரண்டாம் ஆள் கேட்ட கரகரப்பு. ஆரம்பகால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர்கள் பலவற்றுக்குப் பேர் கெட்டது இந்த இடத்தில்தான். நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடிய வால்வுகளுக்கு இருந்த தாராளம், குறைந்த வோல்ட்டில் ஓடிய அந்த முதல் டிரான்சிஸ்டர்களுக்கு இல்லை.

1982இல் சோனியின் முதல் சி.டி. பிளேயர் வந்தது. சி.டி.யின் வெளியீடு 2 வோல்ட். முன்பெருக்கி, திருத்தக் கோடு எதுவும் வேண்டாம். பத்தாண்டுக்குள் ஆம்ப்ளிபையர்களின் பின்புறத்திலிருந்து போனோ துளை மறையத் தொடங்கியது. தட்டு திரும்பி வந்தபோது அந்தத் துளை இல்லை. தனிப்பெட்டி வாங்க வேண்டியிருக்கிறது. இப்போது சில பிளேயர்களின் உள்ளேயே பிரீஆம்ப் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் பழைய ஆம்ப்ளிபையரின் போனோ துளையில் செருகினால் திருத்தக் கோடு இரண்டு முறை விழும். பாட்டு குண்டாக உப்பி, மேலே இருட்டாகிவிடும். பிளேயரின் பின்னால் போனோ, லைன் என்று இருக்கும் சிறு சுவிட்சை முதலில் பாருங்கள்.

பெட்டி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: காட்ரிட்ஜ் எத்தனை மில்லிவோல்ட், சுருளின் மின்தடை எத்தனை ஓம், பெட்டியின் கெயின் எத்தனை டெசிபெல். 3 முதல் 5 மில்லிவோல்ட்டுக்கு 40 டெசிபெல். 0.3 மில்லிவோல்ட்டுக்கு 60, அதாவது 1000 மடங்கு. இல்லாவிட்டால் 40உம் பத்து மடங்கு டிரான்ஸ்பார்மரும். இடையில் உள்ளவற்றுக்கு, பெருக்கிய பின் முந்நூறு முதல் ஐந்நூறு மில்லிவோல்ட் கிடைக்கிறதா என்று மனக்கணக்கே போதும். காட்ரிட்ஜுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பெட்டிக்கு மிச்சம் பிடிக்காதீர்கள். தட்டின் பள்ளத்தை ஒரு தலைமுறை தேய்த்துப் பாடவைத்தது. அந்தத் தேய்மானத்தை நிறுத்த ஊசி தன் வலுவை விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்ததை எடுத்துச் சுமக்கத்தான் இந்தப் பெட்டி இருக்கிறது. அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், நம் தாத்தா வாங்கிய தட்டு நம் பேரன் காலத்திலும் தேயாமல் பாடும்.